கை நனைக்காத சனிக்கிழமை

லண்டனில் ஒரு சனிக்கிழமை முழுவதும் நான் சாப்பாட்டுக்குப் பயந்து ஓவியம் பார்த்தேன். எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. திண்டுக்கல்லில் தபால் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள் நான். காலண்டர் படங்களைத் தாண்டி வேறு எதையும் நின்று பார்த்ததில்லை. ஆனால் அந்த ஊரில் ஒரு பெண்மணி என்னைப் பெரிய கலா ரசிகை என்று நம்பிக்கொண்டிருந்தார். அப்படி நம்ப வைத்தவள் என் மகள் தேன்மொழி.

தேனு நான்கு வருஷமாக அங்கே கணினி வேலையில் இருக்கிறாள். ஆர்ச்வேயில் ஒரு அறையும் சமையலறையுமாகச் சின்ன வீடு. ஜெரோம் என்ற பையனைக் கட்டிக்கொள்ள விரும்புகிறேன் என்று எங்களிடம் சொல்லிப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. பையன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் பிரிவில் இருக்கிறான். பூர்வீகம் இலங்கையில் மன்னார், கத்தோலிக்கக் குடும்பம். அப்பா இல்லை. அம்மா பிலோமினா, லண்டன் வீதிகளில் சிவப்பு மாடி பஸ் ஓட்டுகிறார். நோர்பரியில் வீடு.

இந்தப் பதினொரு மாதமும் நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நேர்ல வந்து பார்த்துட்டுச் சொல்றோம்" என்று தள்ளிக்கொண்டே போனேன். "நீங்க சம்மதிக்காம நான் பண்ணிக்க மாட்டேன்" என்று தேனு ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். அது எனக்கு வசதியாகப் போயிற்று. என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்தவர். நான் சொல்லாமல் ஒரு யூனிட்கூட ஓட மாட்டார்.

புதன்கிழமை போய் இறங்கினோம். வியாழக்கிழமையே பிலோமினா அக்கா போன் செய்தார். "சனிக்கிழமை வீட்டை வாங்கோ. நல்ல நண்டு சொல்லி வைச்சிருக்கிறன்." நான் போனைத் தேனுவிடம் கொடுத்துவிட்டு, வேண்டாம் என்று கையால் ஜாடை காட்டினேன்.

எங்கள் பக்கத்தில், சம்பந்தம் முடிவாகும் முன்னால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். போவோம், பேசுவோம், ஒரு வாய் தண்ணீரோடு எழுந்து வந்துவிடுவோம். இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால் சரி என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டு அப்புறம் பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும். என் அக்கா மகனுக்குப் பெண் பார்த்தபோது ஏழு வீடு ஏறி இறங்கினோம், ஏழு வீட்டிலும் பட்டினிதான். இதை நான் தேனுவுக்குச் சொன்னேன்.

"இதை எப்படிம்மா நான் அவங்ககிட்டச் சொல்றது?" என்றாள்.

"எப்படியோ சொல்லு. வெளியில எங்கயாவது பார்த்துக்கலாம்."

அவள் எப்படியோ சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு ஓவியம் என்றால் உயிர், லண்டன் வந்தால் முதலில் ஓவியக் கூடங்களைத்தான் பார்க்க வேண்டுமாம், வீட்டுக்கு இன்னொரு நாள் வருவார்களாம். இப்படித்தான் நான் ரசிகையானேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆர்ச்வே பஸ் நிறுத்தத்தில் அவர்களை முதன்முதலாக நேரில் பார்த்தேன். பிலோமினா அக்கா குட்டையான உருவம், குட்டை முடி, பெரிய கறுப்புக் கோட்டு. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஜெரோம் நெடுநெடுவென்று நின்றான். "வாங்கோ அன்ரி, குளிருதே?" என்றான். அவன் தோளில் ஒரு பெரிய நீல நிறப் பை. சாப்பாடு சூடு ஆறாமல் வைத்துக்கொள்ளும் பை அது.

ரயிலில் போனால் இருபது நிமிஷம்தான். பிலோமினா அக்கா விடவில்லை. "ரெயினில போனா சுவரைத்தான் பாக்கலாம். லண்டனைப் பாக்கிறதெண்டா பஸ்தான்." மாடியில், முன்வரிசைக் கண்ணாடியை ஒட்டி எங்களை உட்காரவைத்தார். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தால் கிடைக்கும் காட்சி இங்கே டிரைவர் தலைக்கு மேலே கிடைக்கிறது. மரக்கிளைகள் கண்ணாடியில் பட்படென்று அடித்தன. எதிரே வந்த ஒரு பஸ்ஸின் டிரைவர் எங்கள் டிரைவருக்குக் கை காட்டியபோது, மாடியில் இருந்த பிலோமினா அக்காவும் பழக்கத்தில் கை தூக்கிவிட்டுச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதுதான் கஷ்டம்.

கேம்டன் தாண்டியதும் பை திறந்தது. முதல் டப்பாவில் மீன் ரோல்ஸ், பொன்னிறமாகப் பொரித்து வரிசையாக அடுக்கியிருந்தது. மாடி முழுவதும் வாசனை. "எடுங்கோ, விடிய நாலு மணிக்கு எழும்பிச் செய்தனான்."

"சனிக்கிழமை நாங்க அசைவம் சாப்பிடறதில்லைங்க" என்றேன். பொய். முந்தின சனிக்கிழமை திண்டுக்கல்லில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் பெட்டி கட்டினேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கென்ன, மரக்கறி ரோல்ஸும் இருக்கு. மச்சம் மாமிசம் சாப்பிடாத நாளெண்டா என்ன செய்யிறதெண்டு யோசிச்சு வேற எண்ணெயில பொரிச்சனான்." இரண்டாவது டப்பா திறந்தது. நான் என்ன சொல்வது என்று விழிப்பதற்குள் என் வீட்டுக்காரர் கையை நீட்டி ஒன்றை எடுத்தேவிட்டார். காலையில் தேனு கொடுத்த இரண்டு ரொட்டித் துண்டு அவருக்கு எந்த மூலைக்கு?

அவர் காலை அழுத்தி மிதித்தேன். அவர் என்னைப் பார்த்தார். ரோல்ஸைப் பார்த்தார். பிறகு, நான் சாகும்வரை மறக்க முடியாத ஒரு காரியம் செய்தார். எடுத்ததை மெதுவாக டப்பாவிலேயே திரும்ப வைத்தார். "வயிறு கொஞ்சம் சரியில்லைங்க" என்றார்.

பிலோமினா அக்கா அந்த ஒற்றை ரோல்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியை அழுத்தி மூடினார். தேனு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி தன் அப்பாவிடம், "நாம் கேட்டால் கொடுப்பார்களா?" என்று கேட்டாள். அவர் "உஷ்" என்றார்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் பஸ்ஸும் நின்றுவிட்டது. முன்னால் எங்கோ சாலையை மறித்துவிட்டார்களாம், இந்த வண்டி இத்துடன் நிற்கிறது, எல்லோரும் இறங்குங்கள் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் தேனொழுகச் சொன்னது. எங்கள் ஊராக இருந்தால் கண்டக்டரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிச் சண்டை நடந்திருக்கும். இங்கே ஒருவரும் வாய் திறக்காமல் இறங்கினார்கள். பிலோமினா அக்கா மட்டும் டிரைவரின் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று ஏதோ விசாரித்துவிட்டு வந்தார். "அவன் பாவம், காலமையில இருந்து எல்லாரிட்டையும் ஏச்சு வாங்குறான். நடப்பம், கால்மணித்தியாலம்தான்." சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

எனக்கு முழங்கால் வலி உண்டு. அதை நான் ஜெரோமிடம் சொல்லவில்லை. அவனாகவே நடையைக் குறைத்து என்னோடு வந்தான். சாலையைக் கடக்கும் இடத்திலெல்லாம் என் இடது பக்கம் வந்து நின்றுகொண்டான். இவனிடம் ஏதாவது ஒரு குறை கண்ணில் பட்டுவிட்டால் தேவலை என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். நினைக்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

பெரிய சதுக்கத்தில், தூணும் சிங்கங்களும் பார்த்திருக்க, அந்த ஓவியக் கூடம் அகலமாக உட்கார்ந்திருக்கிறது. வாசலில் காவலாளி நீலப் பையைத் திறக்கச் சொன்னார். கறுப்பினத்தவர், வயசானவர். உள்ளே மூக்கை நீட்டி ஒரு இழுப்பு இழுத்தார். "அம்மா, இதை உள்ளே வைத்துத் திறக்காதீர்கள். திறந்தால் ஒருத்தரும் படம் பார்க்க மாட்டார்கள்" என்றார். பஸ்ஸில் டப்பாவை மூடியதிலிருந்து முதல்முறையாகப் பிலோமினா அக்கா சிரித்தார். "உங்களுக்கு ஒண்டு வேணுமே?" என்று டப்பாவை நீட்டினார். வேலை நேரத்தில் வாங்கக் கூடாது என்று அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். சொன்ன விதத்தில் அவருக்கு எவ்வளவு ஆசை என்று தெரிந்தது. அப்படி மறுக்க எனக்குத் தெரியவில்லையே என்று இருந்தது.

உள்ளே பிலோமினா அக்கா எங்களை நேராக ஒரு அறைக்கு அழைத்துப் போனார். வழிகாட்டிப் பலகை எதையும் பார்க்கவில்லை. "இது ஒல்லாந்துக்காரர் கீறினது. இஞ்ச பாருங்கோ, கண்ணாடிக் கிளாசில ஜன்னல் வெளிச்சம் தெரியுது. அதைத்தான் கன நேரம் நிண்டு பாக்க வேணுமாம்." நான் தலையை ஆட்டினேன். அது டச்சுக்காரர்கள் வரைந்த ஒரு சாப்பாட்டு மேசைப் படம். வெள்ளித் தட்டில் பெரிய சிவப்பு இறால், பாதி உரித்த எலுமிச்சை, பிட்டு வைத்த ரொட்டி. அடுத்த படத்தில் மீன். அதற்கடுத்ததில் ஒரு முழுப் பன்றித் தொடை. அந்த அறை முழுக்க ஊருக்கே விருந்து, என் வயிறு மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இரண்டு ஆங்கிலேயக் கிழவிகள். "இந்த எலுமிச்சையை நான் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தேன். இன்னும் உரித்து முடிக்கவில்லை" என்றார் ஒருவர். "உன் புருஷனிடம் கொடுத்திருப்பார்கள்" என்றார் மற்றவர். வேறு நாளாக இருந்தால் நான் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

"உங்க அம்மாவுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியுதே" என்று ஜெரோமிடம் சொன்னேன். அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான். "இல்லை அன்ரி. இருபத்தேழு வருஷமா அம்மா இந்த வாசலால பஸ் ஓட்டுறா, ஒரு நாளும் உள்ளுக்க வந்ததில்லை. நீங்கள் விரும்பிப் பாப்பீங்க எண்டு தேனு சொன்னவுடன, நேற்றும் முந்தநாளும் ஷிப்ட் முடிய இஞ்ச வந்து, எந்தெந்த ரூமில என்னென்ன இருக்கு எண்டு கொப்பியில எழுதினவா. நான் சொன்னது சொல்லிப்போடாதேங்கோ."

நான் அந்த எலுமிச்சைக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். பொய் சொல்ல வைத்தவள் நான். அந்தப் பொய்க்கு அவர் யூனிபாரத்தோடு வந்து பாடம் படித்திருக்கிறார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் என்னவென்று சொல்வது? கை நனைக்க மாட்டோம் என்றால், ஏன், இன்னும் முடிவாகவில்லையா என்றுதான் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்து அடுத்த அறைக்கு நடந்தேன். மாதாவும் குழந்தையும் இருந்த ஒரு படத்துக்கு முன் பிலோமினா அக்கா சிலுவை போட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

ஒன்றரை மணிக்குத் தேம்ஸ் ஆற்றைப் பாலத்தில் கடந்து அக்கரைக்குப் போனோம். ஆற்றோரம் வரிசையாகப் பெஞ்சுகள். வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. பிலோமினா அக்கா ஒரு பெஞ்சில் பூப்போட்ட துணியை விரித்து, டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பொரியல், சம்பல். எல்லாம் மரக்கறி. நண்டு கிடையாது. காலையில் நான் பொய் சொன்னதை நம்பி மீன் டப்பாவைப் பையின் அடியில் தள்ளியிருந்தார். தட்டுகள், கை துடைக்க ஈரத்துணி, ஊற்றிக் கழுவ ஒரு போத்தல் தண்ணீர் வேறு.

இந்த இடத்தில்தான் நான் அன்றைய தினத்தின் மகா முட்டாள்தனத்தைச் செய்தேன். "இருங்க, இதோ வர்றோம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த முக்கோண சாண்ட்விச்சுகள் ஐந்து வாங்கினேன். எங்களுக்கு மட்டும் வாங்கினால் மரியாதையாக இருக்காது என்று அவர்களுக்கும் சேர்த்து வாங்கினேன். அதைப் பெரிய நாகரிகம் என்று வேறு நினைத்தேன். குளிர்ந்துபோன அந்த ஐந்து பெட்டிகளையும் கொண்டு வந்து, ஆவி பறக்கும் சொதிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அம்மா!" என்றாள் தேனு. அவள் கண் நிரம்பிவிட்டது.

பிலோமினா அக்கா ஒரு பெட்டியைக் கையில் எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை விரலால் தடவினார். குரல் உயரவேயில்லை.

"நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க எங்கட வீட்டுக்கும் ஆக்கள் வருவினம். அப்பாட்ட அலுவல் இருந்தா வருவினம். கதிரையில இருந்து சிரிச்சுக் கதைப்பினம். ஆனா எங்கட தேத்தண்ணி குடிக்கமாட்டினம். சோடா எண்டாக் குடிப்பினம். அதுவும் போத்தில் மூடியைத் தங்களுக்கு முன்னாலதான் உடைக்க வேணும். எங்கட கை படக்கூடாது." பெட்டியைத் திரும்ப வைத்தார். "நாப்பது வருஷத்துக்குப் பிறகு, லண்டனில, நீங்கள் சீல் உடைக்காத பாண் பெட்டி கொண்டு வந்திருக்கிறியள்."

"ஐயையோ, அப்படி இல்லைங்க அக்கா" என்று பதறினேன். கை நனைப்பது பற்றி எல்லாவற்றையும் கொட்டினேன். ஏழு வீட்டுப் பட்டினி உட்பட. இது எங்கள் ஊர் வழக்கம், யாராக இருந்தாலும் இப்படித்தான், எங்கள் சொந்த அத்தை மகள் வீடாக இருந்தாலும் இப்படித்தான் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப, சாப்பிட்டா ஓம் எண்டு அர்த்தம்."

"ஆமாங்க."

"அப்ப நீங்கள் இன்னும் ஓம் எண்டு முடிவெடுக்கேல்லை."

நான் சாண்ட்விச் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"ஒரு வருஷம் ஆகப்போகுது. என்ர பிள்ளையில என்ன குறை எண்டு சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

ஜெரோம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்ன சொல்வேன்? பையனிடம் குறை இல்லை. மதம் ஒரு காரணம் என்று சொல்லலாம், ஆனால் அதை நான் மூன்றாவது மாதமே மனசுக்குள் விழுங்கிவிட்டேன். விழுங்க முடியாதது வேறொன்று. இந்தப் பதினொரு மாதமும் தேனுவிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, "அவங்க என்ன ஆளுங்க?" என்பது. அவள் ஒவ்வொரு முறையும் போனை வைத்துவிட்டாள். திருச்சியில் ஒரு இலங்கைக் குடும்பத்தைத் தெரியும் என்று சொன்ன என் தம்பியிடமும் விசாரிக்கச் சொல்லியிருந்தேன். கை நனைக்காத வழக்கம் உண்மைதான். ஆனால் எனக்கு அது ஒளிந்துகொள்ள வாகான இடமாகவும் இருந்தது. பிலோமினா அக்கா நினைத்தது தப்பு என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. அவர் கண்ணைப் பார்த்தபோது, அது அவருக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

அவமானம் தாங்காமல் தட்டை எடுத்தேன். "தாங்க அக்கா. நான் சாப்பிடறேன்."

அவர் என் கையிலிருந்து தட்டை மெதுவாக வாங்கிவிட்டார்.

"இப்ப வேண்டாம். பசி எண்டு ஆர் வந்தாலும் நான் குடுப்பன். வெட்கத்தில தின்னுறதுக்கு நான் விடிய எழும்பிச் சமைக்கேல்லை. ஓம் எண்டு சொல்லுறதெண்டா வாயைத் திறந்து சொல்லுங்கோ. அதை என்ர இடியப்பத்தைக் கொண்டு சொல்லவேண்டாம்."

டப்பாக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பக்கத்துப் பெஞ்சில் காத்துக் கிடந்த ஒரு புறா ஏமாந்து நடந்து போனது. யாரும் எதையும் சாப்பிடவில்லை. சாண்ட்விச்சுகளை ஜெரோம் அள்ளி, பாலத்தடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

அங்கேயே பிரிந்திருக்கலாம். ஆனால் அவர் போட்டிருந்த திட்டப்படி மூன்று மணிக்கு இரண்டாவது ஓவியக் கூடம் பாக்கி இருந்தது. "வந்ததுக்குப் பாத்திட்டுப் போங்கோ" என்றார் பிலோமினா அக்கா. கோபத்திலும் விருந்தாளியை நடுவழியில் விடக் கூடாது என்று இருந்தது அவருக்கு. ஆற்றை ஒட்டி அரைமணி நேரம் நடந்தோம். அவர் முன்னால், ஜெரோமும் தேனுவும் நடுவில், நாங்கள் கடைசியில். ஒரு கிடார்க்காரன் வாசித்துக்கொண்டிருந்தான். குழந்தைகள் சோப்பு நுரைக் குமிழிகளைத் துரத்தின. ஊரே விடுமுறையில் இருந்தது, நாங்கள் ஐந்து பேர் மட்டும் சாவு வீட்டுக்குப் போவது போல நடந்தோம்.

அந்த இரண்டாவது கூடம் ஒரு காலத்தில் மின்நிலையமாக இருந்ததாம். இயந்திரங்களை எடுத்துவிட்டு, உயரம் மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்குக் காலையிலிருந்து வந்த கலக்கமெல்லாம் பறந்துவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்து, மேலே ஓடும் கிரேனைப் பார்த்து, "இது டர்பைன் ஹால்டி! இங்க நின்னு டர்பைனைத் தூக்கியிருப்பானுங்க!" என்று குழந்தை மாதிரிக் கத்தினார். அன்று முழுவதும் எங்கள் இரண்டு பேரில் ஒருவர் உண்மையாக ரசித்த ஒரே பொருள் அந்தக் கிரேன்தான். அதைச் சுற்றி அவர்கள் மாட்டியிருந்த கலை எதையும் அவர் பார்க்கவில்லை.

சரிவாக இருந்த தரையில் எல்லோரும் உட்கார்ந்தும் படுத்தும் கிடந்தார்கள். நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேனு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"அம்மா, நீங்க சம்மதிக்காமப் பண்ணிக்க மாட்டேன்னு நான் சொன்னேன்ல?"

"ம்."

"அது உங்க மேல இருந்த மரியாதை. நீங்க அதைப் பூட்டு மாதிரி வச்சுக்கிட்டீங்க." சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

திண்டுக்கல்காரிக்குப் பூட்டைப் பற்றி இதைவிட உறைக்கும்படி யாரும் சொல்ல முடியாது. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எதிரே கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் பிலோமினா அக்கா தனியாக நின்றிருந்தார். அவர் கையில் ஒரு சின்னக் கொப்பி. இந்தக் கூடத்துக்கும் குறிப்பு எடுத்து வைத்திருந்தார் போல. அதைத் திறந்து பார்க்கவில்லை, சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது எனக்குத் தம்பியின் விசாரணை ஞாபகம் வந்தது. அவன் என்ன பதில் கொண்டு வந்தால் நான் சரி என்று சொல்லியிருப்பேன், என்ன பதில் வந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் எனக்கே பிடிக்கவில்லை. வெளியே வந்து, தெருவிலேயே நின்று தம்பிக்குப் போன் செய்தேன். "விசாரிக்க வேண்டாம், விட்டுரு" என்றேன். ஏன் என்று கேட்டான். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஐந்து மணிக்குப் பிலோமினா அக்காவின் பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். ஜெரோமுக்கு அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போக வேண்டும். நீலப் பையை அம்மாவிடம் கொடுத்தான். காலையில் இருந்த கனம் அப்படியே இருந்தது. பலகையில் பஸ் வர மூன்று நிமிஷம் என்று காட்டியது. மூன்று இரண்டானதும் அவர் பக்கம் திரும்பினேன்.

"அக்கா" என்றேன். "எங்க ஊர்ல பையன் வீட்டுக்காரங்கதான் பொண்ணு கேட்டு வருவாங்க. இப்ப நான் கேக்கறேன். உங்க பையனை எங்க வீட்டுக்கு மாப்பிள்ளையாத் தாங்க. எனக்குச் சம்மதம். எனக்கு முழுச் சம்மதம்." ஒரு மூச்சு விட்டு, அதையும் சொன்னேன். "மத்தியானம் நீங்க கேட்டீங்கள்ல. குறை உங்க பையன்கிட்ட இல்லை. நான்தான் நீங்க என்ன ஆளுங்கன்னு விசாரிச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்கு என்னை மன்னிச்சுக்கங்க."

என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் கையெழுத்துப் போட்டவர், என்னைக் கேட்காமலே, "எனக்கும் சம்மதங்க" என்றார். தேனு வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெரோம் அம்மாவையே பார்த்தான்.

பஸ் வந்து நின்றது. பிலோமினா அக்கா என் கையைப் பிடித்தார். அந்தக் கை சூடாக இருந்தது. அவர் கட்டிப் பிடிப்பார் என்றுதான் நான் நினைத்தேன்.

"நீங்கள் மறைக்காமச் சொன்னது நல்லம்" என்றார். "ஆனா நான் இப்ப ஓம் எண்டு சொல்லமாட்டன். என்ர பிள்ளை நாளைக்கு உங்கட வீட்டுக்கு மருமகனா வந்து, உங்கட சொந்தக்காரருக்கு நடுவில இருக்கப்போறான். அங்க அவனை ஆர் என்ன கேப்பினமோ. நான் யோசிச்சுச் சொல்லுறன்."

"அம்மா!" என்றான் ஜெரோம்.

"நீ பேசாதை. என்னட்டைக் கேட்டவா. நான் சொல்லுவன்."

டிரைவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஏறினார். கதவு மூடியது. மாடிக்குப் போகவில்லை, கீழேயே ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் போய்விட்டது.

இதை எழுதும்போது செவ்வாய்க்கிழமை. ஞாயிறு அன்று ஒரு அரண்மனை பார்த்தோம், திங்கள் அன்று ஒரு சந்தை. இரண்டைப் பற்றியும் என்னால் எதுவும் சொல்ல முடியாது, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஷிப்டுக்குப் போகிறார், வருகிறார், அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று ஜெரோம் சொல்கிறான். வியாழக்கிழமை எங்களுக்கு விமானம். பதினொரு மாதம் அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரையும், பெற்ற ஒரு தாயையும் நான் இப்படித்தான் காக்க வைத்திருந்தேன். எனக்கு மூன்றாவது நாளே சோறு இறங்கவில்லை.